விலகுவதற்குக் கடைசி நாள்

டெஸ் மாய்ன்ஸ், ஐயோவா
17 ஜூலை 2016, ஞாயிறு

அன்புத் தங்கை மார்லிஸுக்கு,

இங்கு நலம். நீயும் மாப்பிள்ளை டுவேனும் நலமாக இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். உன் கடிதம் ஜூலை 2 அன்று கிடைத்தது. அதில் தேதியை 26 என்று எழுதி, அடித்து, 28 ஆக்கியிருந்தாய். எழுதத் தொடங்கிய நாளா, முடித்த நாளா என்று தெரியாததால் இரண்டையும் என் குறிப்பில் வைத்துக்கொண்டேன். தொலைபேசியில் பேசக்கூடாதா என்று மறுபடியும் கேட்டிருக்கிறாய். காதுக் கருவி விசிலடிக்கிறது. கடிதமே நல்லது, சொன்னது சொன்னபடி இருக்கும்.

தேயாவின் வேதியியல் தேர்வைப் பற்றி விசாரித்திருந்தாய். உனக்கு இந்த முறை பழக்கமில்லை என்பதால் எழுதுகிறேன். ஏ.பி. வகுப்பு என்பது பள்ளியிலேயே ஓராண்டு நடத்தப்படும் கல்லூரித் தரப் பாடம். மே மாதத்தில் ஒரே ஒரு தேர்வு, நாடு முழுவதற்கும் ஒரே வினாத்தாள். ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். நான்கு, ஐந்து பெற்றால் நல்ல கல்லூரிகள் அந்தப் பாடத்தைப் படித்ததாகவே ஏற்றுக்கொண்டு கிரெடிட் தந்துவிடும். என் பேத்தி மே 2 அன்று எழுதினாள். முடிவும் வந்துவிட்டது. அதைப் பற்றிப் பிறகு விரிவாக எழுதுகிறேன்.

உன் மகள் பக்கத்து ஊர் ஈராண்டுக் கல்லூரிக்குக் கார் ஓட்டிப் போய் வருவதாக எழுதியிருந்தாய். அதுவும் ஒரு வழிதான். முப்பத்துநான்கு ஆண்டுகள் ஒரு கல்லூரியின் பதிவாளராக இருந்தவன் என்ற முறையில், எந்த வழியையும் நான் குறைத்துச் சொல்வதில்லை.

டுவேனின் முழங்காலை விசாரித்ததாகச் சொல்.

உன் அண்ணன்,
ஆர்விட்


நெல்சன் ஃபால்ஸ், மின்னசோட்டா
3 ஆகஸ்ட் 2016

பிரியமுள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். டுவேனின் முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் அவருக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருக்கிறது. பால் லாரியை இன்னும் விடவில்லை. உங்கள் காதுக்கு வேறு கருவி பார்க்கக் கூடாதா?

அவளுக்குப் பெயர் இருக்கிறது அண்ணா. பிரிட்டா. தேயாவுக்கு ஒன்பது நாள் இளையவள். இதை எனக்கு நினைவூட்டியதே நீங்கள்தான். பதினேழு வருஷமாக உங்கள் கடிதங்களில் அவள் "உன் மகள்" ஆகவே இருக்கிறாள்.

இத்துடன் எங்கள் வாரப் பத்திரிகையிலிருந்து வெட்டியதை வைத்திருக்கிறேன். முதல் பக்கம். இந்தப் பிள்ளை பள்ளியில் இருந்துகொண்டே கல்லூரியில் நாற்பத்திரண்டு கிரெடிட் சேர்த்துவிட்டது. இந்த வருஷமும் முடித்தால் அறுபது. பள்ளிச் சான்றிதழ் கைக்கு வருவதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே ஈராண்டுப் பட்டம் வாங்கிவிடுவாள். பல்கலைக்கழகத்தில் நர்ஸிங்குக்கு நேராக இடம் தருவதாகவும் எழுதிவிட்டார்கள். ஒரே நிபந்தனை, இந்த இலையுதிர் பருவத்தில் எடுக்கும் வேதியியலில் "சி"க்குக் குறையக் கூடாது.

படம் எடுக்க வந்த பத்திரிகைக்காரர், "உங்க அண்ணன் படத்தை அறுபத்திரண்டுல எங்கப்பா இதே பக்கத்துலதான் போட்டாரு. நம்ம ஊர்லேர்ந்து ஸ்காலர்ஷிப்ல போன மொத ஆளு. ஐம்பத்துநாலு வருஷம் கழிச்சு அதே வீட்டுலேர்ந்து இன்னொண்ணு" என்றார். நம் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவர் இதுவரை நீங்கள் ஒருவர்தானே.

தேயாவின் மதிப்பெண்ணை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அவசரமில்லை. அவளுக்கு என் முத்தம்.

மார்லிஸ்


டெஸ் மாய்ன்ஸ்
21 ஆகஸ்ட் 2016, ஞாயிறு

அன்புத் தங்கைக்கு,

சுகமே. ஆகஸ்ட் 3 தேதியிட்ட கடிதமும் பத்திரிகைத் துண்டும் 8ஆம் தேதி சேர்ந்தன.

படத்தைப் பார்த்தேன். மூன்று பத்தி அகலம். 1962 ஜூன் 7ஆம் தேதி இதழில் என்னுடையது இரண்டு பத்தி. ஆனால் அக்காலத்தில் பத்திகள் அகலமானவை, அளந்து பார்த்தால் அதிக வித்தியாசம் இராது. இப்போது வண்ணத்தில் போடுவதால் எதுவும் பெரிதாகத் தோன்றும். செய்தியில் ஒரு பிழை. "பட்டம் பெற்றுவிட்டார்" என்று தலைப்பிட்டிருக்கிறார்கள். பெறப்போகிறவரைப் பெற்றவர் என்று எழுதுவது முறையன்று. மே மாதம் வரை எத்தனையோ நடக்கலாம்.

மூத்தவன் என்ற உரிமையில் ஒன்று சொல்லி வைக்கிறேன். ஏ.பி. தேர்வில் ஒரு பிள்ளை சறுக்கினால் அந்த மதிப்பெண்ணை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. அது அவளோடு முடிந்தது. கல்லூரிப் பாடம் அப்படியன்று. பதினேழு வயதில் அங்கே வாங்குகிற மதிப்பெண் கல்லூரிப் பதிவேட்டில் ஏறிவிடும், பிறகு எழுபது வயதானாலும் இறங்காது. சலுகையாகக் கிடைப்பதில் இப்படியொரு முள் உண்டு. பலரும் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

தேயா இவ்வாண்டு உயிரியலும் ஆங்கிலமும் எடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னோடு சாப்பிட வருகிறாள். உன் மகளின் படத்தைக் காட்டினேன். அவள் முன்பே தன் கைப்பேசியில் பார்த்துவிட்டாளாம். "சூப்பரா இருக்குல்ல தாத்தா?" என்றாள். உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கொள் என்றேன்.

ஆர்விட்


நெல்சன் ஃபால்ஸ்
9 அக்டோபர் 2016

பிரியமுள்ள அண்ணாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு மன்னிக்கவும். இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம் என்பது வரைக்கும் சுகம்.

அந்த வேதியியல் பிரிட்டாவைப் பிழிகிறது. முதல் தேர்வில் நாற்பத்தெட்டு, இரண்டாவதில் நாற்பத்தொன்று. வகுப்பு முழுக்க முப்பது வயதுக்காரர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்கள். கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்க இவளுக்குக் கூச்சம். விடியற்காலையில் முப்பது மைல் ஓட்டிப் போய், மத்தியானம் பள்ளிக்குத் திரும்பி, சாயங்காலம் கடையில் நாலு மணி நேரம் நின்றுவிட்டு வந்து புத்தகத்தைத் திறக்கிறாள். நேற்று ராத்திரி, அடுப்பில் சுட்ட ஹாட்டிஷ் தட்டை முன்னால் வைத்துக்கொண்டே அழுதாள். "அம்மா, பேப்பர்லல்லாம் போட்டாச்சு. இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு முடியலேன்னு சொல்றது?" என்றாள்.

பாடத்திலிருந்து விலகினால் மதிப்பெண் ஏறாதாம். நர்ஸிங் இடத்தையும் விடமாட்டார்களாம். வசந்த பருவத்தில் மறுபடி எடுத்துக் காட்டினால் போதும் என்று பல்கலைக்கழகத்தில் சொன்னார்கள். பள்ளி ஆலோசகரைப் போய்ப் பார்த்தேன். நல்ல பெண், புதுசு. "டிசம்பர் ரெண்டு வரைக்கும் டைம் இருக்குங்க, மூணாவது தேர்வையும் பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றாள். மூன்றாவது தேர்வு நவம்பர் நடுவில்.

அதனால் உங்களைக் கேட்கிறேன் அண்ணா. இது உங்கள் உலகம். எனக்கு இங்கே நான் வேலை பார்க்கும் முதியோர் பராமரிப்பு இல்லத்துச் சமையலறையைத் தவிர ஒன்றும் தெரியாது. காத்திருக்கலாமா? நாங்கள் கவனிக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா? டுவேன் சொல்கிறார், "உங்கண்ணனக் கேளு. அந்த மனுஷன் காலண்டரப் பாத்துத்தான் மூச்சே விடுவாரு, அவருக்குத் தெரியாத தேதியா?"

உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
மார்லிஸ்


டெஸ் மாய்ன்ஸ்
23 அக்டோபர் 2016, ஞாயிறு

அன்புத் தங்கைக்கு,

உடல்நலத்துக்குக் குறைவில்லை. உன் கடிதம் 13ஆம் தேதி வந்தது. உடனே எழுத எண்ணியிருந்தேன்; தோட்ட வேலை சேர்ந்துகொண்டது. இம்முறை பூசணி மிக நன்றாகக் காய்த்திருக்கிறது. பதினேழு காய்கள். முதல் உறைபனி 14ஆம் தேதி இறங்கியது, சென்ற ஆண்டைவிட மூன்று நாள் முன்னதாக. காய்களைப் பறித்துப் பத்து நாள் கூடத்தில் பரப்பி வைத்தால் தோல் இறுகி, மார்ச் வரை கெடாது. கிழக்குச் சன்னலோரம் பரப்பியிருக்கிறேன்.

தேயாவின் உயிரியல் ஆசிரியர் அவளைப் பாராட்டி ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கிறார்.

நீ கேட்டிருந்த விஷயம். உன் மகள் படிக்கும் பள்ளியின் ஆலோசகர், அதற்காகவே நியமிக்கப்பட்டவர், ஒன்று சொல்லியிருக்கும்போது அதன்மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது? ஓய்வு பெற்று ஏழாண்டு ஆன ஒருவன் அடுத்த மாநிலத்திலிருந்து குறுக்கே பேசுவது மரியாதையாகாது. அவளுக்கு மன உறுதி வேண்டும் என்று மட்டும் சொல். இன்னொன்றும் எழுத நினைத்தேன். தபால்காரர் அடுத்த வீட்டுக்கு வந்துவிட்டார், பிறகு எழுதுகிறேன்.

ஆர்விட்


நெல்சன் ஃபால்ஸ்
20 நவம்பர் 2016

அண்ணாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே பனி விழுந்துவிட்டது.

மூன்றாவது தேர்வில் முப்பத்தொன்பது. அன்றைக்கே நானும் பிரிட்டாவும் விலகல் எழுதிக் கொடுக்கக் கல்லூரிக்குப் போனோம். பதிவாளர் அலுவலகச் சன்னலில் இருந்த பெண்மணி திரையைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தாள். கடைசி நாள் போய்விட்டதாம். டிசம்பர் இரண்டு என்பது பள்ளியின் தேதி. பள்ளிப் பாடங்களுக்கு. கல்லூரியின் தேதி வேறாம்.

நான் ஆலோசகர் சொன்னதைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் பேசினாள். "வருஷா வருஷம் ஒரு பிள்ளையாவது இப்படி வந்து நிக்கும்மா. ஸ்கூல் தேதியும் எங்க தேதியும் எந்த ஊர்லயும் ஒண்ணா இருக்காது. இந்த மாதிரி சன்னலுக்குப் பின்னாடி ஒக்காந்த யாரைக் கேட்டிருந்தாலும் மொதல்ல இதத்தான் சொல்லியிருப்பாங்க."

திரும்பி வரும் வழி முழுக்க பிரிட்டா தானே ஓட்டினாள்.

உங்கள் அக்டோபர் 23 கடிதத்தை இன்னொரு தரம் எடுத்துப் படித்தேன். பூசணி நன்றாகக் காய்த்ததில் மகிழ்ச்சி.

மார்லிஸ்


டெஸ் மாய்ன்ஸ்
4 டிசம்பர் 2016, ஞாயிறு

அன்புத் தங்கைக்கு,

லேசான இருமல் தவிர உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதம் கண்டு மிகவும் வருந்தினேன்.

ஆலோசகர்களைப் பற்றி நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். பள்ளிக்கூடத்தார் தங்கள் நாட்காட்டிதான் உலகத்தின் நாட்காட்டி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவரிடம் நீ எழுத்துமூலம் முறையிட வேண்டும். கல்லூரி அலுவலகத்தைக் குறை சொல்வதில் பயனில்லை. அவர்கள் விதிப்படி நடந்தவர்கள். நவம்பர் 4 வெள்ளிக்கிழமை மாலை நான்கரைக்குச் சன்னலை மூடியபின் எந்தப் பதிவாளரும் திறக்க மாட்டார். நானும் திறந்ததில்லை. ஒருமுறை ஒரு பையன் கண்ணாடிக்கு அப்பால் நின்று அழுதான், அப்போதும் இல்லை.

ஐயோவா விதிகளே எனக்கு இப்போது மறந்துவருகின்றன. மின்னசோட்டா விதி எனக்கெப்படித் தெரிந்திருக்கும்? இதை நீ அறிவாய்.

இறுதித் தேர்வு இன்னும் இருக்கிறது. உன் மகளை ஊக்கப்படுத்து. பத்திரிகைக்காரர்கள் அவசரப்பட்டதுதான் தவறு. அதை நான் ஆகஸ்டிலேயே குறிப்பிட்டிருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு பூசணிகள் பார்சலில் அனுப்புகிறேன்.

ஆர்விட்


நெல்சன் ஃபால்ஸ்
22 ஜனவரி 2017

அண்ணாவுக்கு,

பூசணி வந்தது. ஒன்று வழியிலேயே உடைந்திருந்தது. இருமல் நின்றதா?

பிரிட்டாவுக்கு "டி". இறுதித் தேர்வில் அறுபத்தாறு வாங்கினாள், ஆனால் போதவில்லை. நர்ஸிங் இடம் போய்விட்டது. ஈராண்டுப் பட்டத்துக்கும் அந்த நாலு கிரெடிட் குறைகிறது. வசந்த பருவத்து வகுப்பில் இதற்குள் இடம் நிரம்பிவிட்டதாம். கோடையில் மறுபடி எடுத்து, அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். மே மாதம் கல்லூரிப் பட்டமளிப்பு மேடையில் அவள் நடக்கப்போவதில்லை. பத்திரிகைக்காரரைக் கடையில் பார்த்தால் அடுத்த வரிசைக்குள் நுழைந்துவிடுகிறாள்.

உங்கள் டிசம்பர் கடிதத்தை டுவேன் படித்தார். படித்துவிட்டு என்னிடம் நீட்டி, "நீயும் ஒரு தடவ நிதானமா படி" என்று மட்டும் சொன்னார். படித்தேன்.

மார்லிஸ்


டெஸ் மாய்ன்ஸ்
19 மார்ச் 2017, ஞாயிறு

அன்புத் தங்கைக்கு,

இருமல் பிப்ரவரி 11ஆம் தேதியோடு நின்றது. உன்னிடமிருந்து எட்டு வாரமாகக் கடிதம் இல்லை. 1999 மார்ச்சில், உன் மகள் பிறந்தபோதும் இப்படி இடைவெளி விழுந்தது.

ஒரு "டி"யால் உலகம் முடிந்துவிடாது. ஐம்பத்தாறு கிரெடிட் என்பது சிறிய விஷயமில்லை. தேயாவிடம் இன்று அவ்வளவு இல்லை. இதை நான் மனமார எழுதுகிறேன்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் வீட்டில் விருந்து வைப்பாய் என்று எண்ணுகிறேன். நம் பக்கத்து வழக்கப்படி கார் ஷெட்டைக் கழுவி, மேசைகள் போட்டு, பன்றி இறைச்சி பன்னும் கேக்கும் வைத்து, ஊரையே அழைப்பீர்கள். தேதியை முன்கூட்டித் தெரிவித்தால் நானும் தேயாவும் காரில் வந்து சேருவோம். 1962 ஜூன் 10 அன்று எனக்கு வைத்த விருந்தில் நீ நாலு வயதுக் குழந்தை. என் பள்ளி நிறைவு விழாத் தொப்பியைப் போட்டுக்கொண்டு கழற்ற மாட்டேன் என்று அழுதாய். அதே வீட்டில் இன்னொரு விருந்தைப் பார்க்க வேண்டும்.

தேதி எது?

ஆர்விட்


நெல்சன் ஃபால்ஸ்
23 ஏப்ரல் 2017

அண்ணாவுக்கு,

இருமல் நின்றது நல்லது. நாங்கள் சுகம். ஏரியில் பனிக்கட்டி இந்த வருஷம் முன்னாலேயே உடைந்துவிட்டது. டுவேன் படகை வெளியே எடுத்து, மேலே மூடியிருந்த துணியில் எலி கூடு கட்டியிருப்பதைக் கண்டுபிடித்தார். ஐந்து குஞ்சுகள். படகை மறுபடி மூடி வைத்துவிட்டார். நான் இந்த முறை தக்காளி நாற்றைச் சமையலறை ஜன்னலிலேயே முளைக்கப் போட்டிருக்கிறேன். பராமரிப்பு இல்லத்தில் புதிதாக ஒரு பாத்திரம் கழுவும் இயந்திரம் வாங்கியிருக்கிறார்கள். தண்ணீரை எல்லோர் மேலும் தெளிக்கிறது.

நீங்கள் கேட்டிருந்த விஷயம். அதைப் பற்றியும் எழுத நினைத்தேன். தபால்காரர் அடுத்த வீட்டுக்கு வந்துவிட்டார், பிறகு எழுதுகிறேன்.

மார்லிஸ்


நெல்சன் ஃபால்ஸ்
11 ஜூன் 2017, ஞாயிறு

அண்ணாவுக்கு,

நலமா? உங்கள் மே 7, மே 21 கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. இரண்டிலும் தேதி கேட்டிருந்தீர்கள்.

விருந்து ஜூன் 3ஆம் தேதி, சனிக்கிழமை நடந்தது. பகல் ஒரு மணி முதல் ஐந்து வரை. வெயில் நன்றாக இருந்தது. நூற்றைம்பது பேர் வந்திருப்பார்கள். எல்லோரும் பிரிட்டாவிடம் ஐம்பத்தாறு கிரெடிட்டைப் பற்றித்தான் பேசினார்கள்; மீதி நாலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பத்திரிகைக்காரரும் வந்து இரண்டு தட்டு சாப்பிட்டார்.

தேயாவும் வந்தாள். சிநேகிதியின் ஏரி வீட்டுக்குப் போவதாக உங்களிடம் சொல்லிவிட்டு, நாலு மணி நேரம் தனியாக ஓட்டி வந்தாள். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், அவளைக் கோபிக்காதீர்கள். முந்தின நாளே வந்து பிரிட்டாவோடு உட்கார்ந்து இருநூறு பன்னுக்கு வெண்ணெய் தடவினாள். இரண்டும் ஒன்றையொன்று கேலி செய்துகொண்டே இருந்தன. "நீயாச்சும் டி. நான் ஏ.பி.ல வாங்கின ரெண்டுக்கு யாரும் கிரெடிட்டே தரமாட்டான். தாத்தா அந்த நம்பர சொல்லவே மாட்டார், பாரு" என்றாள் தேயா.

அந்த இரண்டு எனக்குப் போன ஜூலையிலேயே தெரியும் அண்ணா. வந்த அன்றைக்கே தேயா பிரிட்டாவிடம் சொல்லிவிட்டாள். நீங்கள் பிறகு எழுதுவதாகச் சொன்னீர்கள், அவசரமில்லை என்று எழுதினேன். அதற்குப் பிறகு நான் கேட்கவே இல்லை. உங்களுக்கு அது வலிக்கும் என்று நினைத்தேன்.

இப்போது ஒன்று. கல்லூரியில் விலகுவதற்குக் கடைசி நாள் நவம்பர் நாலு, வெள்ளிக்கிழமை, மாலை நாலரை. இதை நான் உங்களுக்கு எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. என் கடிதத்தில் "போய்விட்டது" என்றுதான் இருக்கும், எடுத்துப் பாருங்கள். நீங்கள் எதையும் தூக்கிப்போட மாட்டீர்களே. அந்தச் சின்னக் கல்லூரியின் நாட்காட்டியில் தேடினால்தான் அது கிடைக்கும். நீங்கள் தேடியிருக்கிறீர்கள். எங்களுக்காகத்தான் தேடியிருக்கிறீர்கள். கண்டும் பிடித்துவிட்டு, பூசணியைப் பற்றி எழுதினீர்கள்.

அறுபத்திரண்டில் உங்கள் தொப்பி என் கண்ணையே மறைத்தது. அன்றைக்கு அதைக் கழற்ற மாட்டேன் என்று அழுதவள் இத்தனை வருஷமும் உங்களைப் பெருமையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறாமைப்பட எனக்குத் தோன்றவில்லை.

தக்காளி பூ விட்டிருக்கிறது.

மார்லிஸ்


மார்லிஸ்,

உன் கடிதம் கிடைத்தது. தேயா இந்த ஞாயிறும் சாப்பிட வரவில்லை.

நீ எழுதியதில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

பிரிட்டா எப்படி இருக்கிறாள்? பிரிட்டாவுக்குக் கோடை வகுப்பு எப்போது தொடங்குகிறது? சொல்ல வேண்டும் என்று தோன்றினால் மட்டும் சொல்.

ஆர்விட்